வீட்டில் திருக்கை வளர்க்கக் கடல்நீர்த் தொட்டி அமைப்பது: முழுமையான வழிகாட்டி

திருக்கை மணலோடு ஒட்டி வாழும் மீன். அதன் கண்கள் முதுகுப் பக்கத்திலும் வாய் வயிற்றுப் பக்கத்திலும் இருக்கின்றன. மணலுக்குள் புதைந்து கிடக்கும்போது, கண்களுக்குப் பின்னால் உள்ள இரண்டு மூச்சுத்துளைகள் வழியே நீரை உள்ளிழுத்து, அடிப்பக்கத்துச் செவுள் பிளவுகள் வழியே வெளியேற்றுகிறது. உண்பது, ஓய்வது, ஒளிவது என அதன் வாழ்க்கை முழுவதும் தொட்டியின் அடித்தளத்தில்தான் நடக்கிறது. ஆகவே மற்றக் கடல்மீன்களுக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பதுபோலத் திருக்கைக்குக் கேட்பதில் அதிகப் பயனில்லை. எத்தனை சதுர அடி வெற்று மணல் தர முடியும் என்பதே முதல் கேள்வி. பவளத் தொட்டி அமைத்துக் கைதேர்ந்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கடல்மீன்களைக் குறைந்தது ஓராண்டாவது நிலையாக வளர்த்திராத ஒருவர் திருக்கையில் தொடங்கக் கூடாது. இந்த உயிரினம் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளாது. நோய் கண்டால் நாம் வழக்கமாக நம்பியிருக்கும் மருந்துகளில் பல அதற்கு நஞ்சு.

எந்தத் திருக்கை

கடைகளில் அதிகம் கண்ணில் படுவது, வாலின் இருபுறமும் நீலக் கோடு ஓடும் நீலப்புள்ளித் திருக்கை. அதைப் பார்த்தவர்கள் மறுபடி பார்க்காமல் நகர்வது கடினம். ஆயினும் அதை வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. அடைப்பிடத்தில் அது பெரும்பாலும் உணவைத் தொடாமல் மெலிந்து இறந்துவிடுகிறது. அனுபவம் மிக்க பொதுக் காட்சியகங்களே அதனிடம் திணறியிருக்கின்றன. கண்களின் குறுக்கே கருமையான பட்டையுடன் வரும் மற்றொரு நீலப்புள்ளி வகை ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்றாலும், புதியவருக்கு அதுவும் ஏற்றதன்று.

வீட்டுக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, மேற்கு அட்லாண்டிக் கடலைச் சேர்ந்த மஞ்சள் திருக்கை. அதன் உடல்வட்டு (வால் நீங்கலான தட்டை உடல்) அதிகபட்சம் 36 செ.மீ. அளவுக்கு வளரும், 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் நன்றாக இருக்கும். மற்றொன்று, கிழக்குப் பசிபிக் கரையோரத்து வட்டத் திருக்கை. அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் 20 முதல் 23 டிகிரி வரையிலான சற்றுக் குளிர்ந்த நீரை விரும்புகிறது. இந்த இரண்டுமே குட்டி ஈனும் வகைகள் என்பதால், தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த குட்டிகள் சில சமயம் கிடைக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் சில மாதங்கள் காத்திருந்தாவது அதையே வாங்குங்கள், ஏனெனில் இடுக்கியிலிருந்து உணவு எடுக்க அது ஏற்கெனவே பழகியிருக்கும். ஓயாமல் சிறகடித்து நீந்தும் கௌனோஸ் திருக்கையும் கழுகுத் திருக்கையும் எந்த வீட்டுக்கும் உரியவை அல்ல. வாங்குமுன் உங்கள் நாட்டு வனவுயிர், மீன்வளச் சட்டங்கள் அந்த இனத்தை வளர்க்க அனுமதிக்கின்றனவா என்பதையும் எழுத்து வடிவில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தொட்டியின் அளவும் அது நிற்கும் இடமும்

வளர்ந்த ஒரு சிறு திருக்கைக்கு நான் பரிந்துரைக்கும் அளவு 240 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். இதில் விட்டுக்கொடுக்க முடிவது உயரம் மட்டுமே. 60 செ.மீ. அகலமுள்ள தொட்டிகளில் குட்டிகளை வைப்பதுண்டு. ஆனால் 35 செ.மீ. உடல்வட்டும் அதே அளவு வாலும் கொண்ட மீன் அங்கே இயல்பாகத் திரும்ப முடியாமல், மூக்கைக் கண்ணாடியில் உரசி உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும். பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் திட்டங்கள் பெரும்பாலும் நடப்பதில்லை.

இந்த அளவில் 50 செ.மீ. ஆழத்துக்கு நீர் நிரப்பினால் ஏறக்குறைய 1,440 லிட்டர் பிடிக்கும். நீர், 200 கிலோவுக்கு மேற்பட்ட மணல், அதே அளவு எடையுள்ள கண்ணாடி, தாங்கி ஆகியவற்றைக் கூட்டினால் மொத்தம் 2 டன்னை நெருங்கும். அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 700 கிலோ. வீடுகளின் மாடித் தளங்கள் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன. எனவே மண்ணின் மேல் நேரடியாக அமைந்த கான்கிரீட் தரையுள்ள கீழ்த்தளமே பாதுகாப்பானது. மாடியில்தான் வைக்க வேண்டும் என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் தொட்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். நேரடி வெயில் படாத, மின் இணைப்பும் நீர் வடிகாலும் அருகில் உள்ள, தொட்டியின் இரண்டு நீளப் பக்கங்களிலிருந்தும் கை எட்டக்கூடிய இடம் வேண்டும். 120 செ.மீ. அகலத்தில் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிவிட்டால், அந்தப் பக்கத்து மூலைகளைச் சுத்தம் செய்ய நீங்கள் நீருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மூடி கட்டாயம். திருக்கைகள் கண்ணாடியில் வயிற்றை ஒட்டி மேலேறும் பழக்கமுடையவை. இரவில் விளிம்பைத் தாண்டி விழுந்துவிட வாய்ப்புண்டு. காற்றோட்டம் குறையாத வலைமூடி நல்லது.

வடிகட்டும் சாதனங்கள்

திருக்கை நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். தொட்டிக்குக் கீழே குறைந்தது 300 லிட்டர் கொள்ளும் சம்ப் (சாதனங்களுக்கான துணைத்தொட்டி) ஒன்றை அமைத்து, ஹீட்டர், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், உயிரி வடிகட்டி ஆகிய எல்லாவற்றையும் அதற்குள் வைத்துவிட வேண்டும். இது அழகுக்காகச் சொல்வதன்று. பிரதான தொட்டியில் ஹீட்டர் இருந்தால் திருக்கை அதன் மேல் படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும்.

ஸ்கிம்மர் மொத்த நீரளவைப்போல் இரு மடங்குக்கு உரியதாக இருக்கட்டும். சம்புடன் சேர்த்து நம் அமைப்பில் சுமார் 1,650 லிட்டர் இருப்பதால், 3,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கென விற்கப்படும் ஸ்கிம்மர் தேவை. சம்பிலிருந்து நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 8,000 லிட்டர் அளவில் நீரைச் சுழற்றினால் போதும். நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறைகளான உயிர்ப்பாறைகளையும் பீங்கான் வடிகட்டிக் கற்களையும் சம்பிலேயே குவித்துவிடலாம். அங்கே அவை மணல்தரையைத் தின்பதில்லை. தொட்டியில் வைக்கும் பவர்ஹெட் (நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்), நீர் உறிஞ்சும் குழாய் ஆகிய அனைத்தின் வாயிலும் அகலமான வலைக்கூண்டு பொருத்த வேண்டும். குழாய் இணைப்புகளில் பித்தளையோ செம்போ எங்கும் இருக்கக் கூடாது; நீரில் கரையும் சிறிதளவு செம்பும் திருக்கை, சுறா போன்ற குருத்தெலும்பு மீன்களைக் கொல்லும்.

மின் கசிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருக்கையின் மூக்குப் பகுதியில் மிக நுண்ணிய மின்புலத்தையும் உணரும் உறுப்புகள் உள்ளன. மணலுக்குள் ஒளிந்திருக்கும் இரையின் தசைத் துடிப்பை அது அப்படித்தான் கண்டுபிடிக்கிறது. பழைய ஹீட்டர் ஒன்றிலிருந்து கசியும், நம் விரலுக்குத் தெரியாத மின்னோட்டம்கூட அதை அமைதியிழக்கச் செய்து உணவை வெறுக்க வைக்கலாம். மின் இணைப்பில் கசிவுத்தடை சாதனம் பொருத்துவது உங்கள் உயிருக்கும் அதன் நலனுக்கும் ஒருசேரத் தேவை. மின்தடைக்கு முன்னேற்பாடாக மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். விளக்கு மங்கலாக இருந்தால் போதும். திருக்கைக்காக விலையுயர்ந்த விளக்கு வாங்கத் தேவையில்லை.

பாறையும் மணலும்

முதலில் பாறை, பிறகு மணல். இந்த வரிசையை மாற்றவே கூடாது. மணலின் மேல் பாறையை வைத்தால், திருக்கை அடியில் தோண்டத் தோண்டப் பாறை சரிந்து அதன் மேலேயே விழும். எனவே பாறைகள் நேரடியாகத் தொட்டியின் அடிக்கண்ணாடியிலோ, பி.வி.சி. குழாய்க் கால்களின் மேலோ நிற்க வேண்டும். ஒன்றோடொன்று பசையாலோ பிளாஸ்டிக் கட்டுகளாலோ இறுக்கப்பட வேண்டும். ஒரு மூலையில் சிறு குவியல் போதும். தரையில் ஐந்தில் நான்கு பங்காவது வெற்று மணலாக இருக்க வேண்டும்.

மணல் சர்க்கரைப் பதத்தில், 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த மணிகளாக இருக்க வேண்டும். பை மேல் அச்சிட்டிருக்கும் அளவை மட்டும் நம்பாமல் ஒரு பிடியை ஈரமாக்கி, உங்கள் முன்னங்கையின் உள்பக்கத்தில் அழுத்தி இருபது முறை தேயுங்கள். தோல் சிவந்து கீறல் தெரிந்தால் அந்த மணல் வேண்டாம். நான் இதை மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். என் முதல் தொட்டியில் பொடித்த பவளக்கல்லைப் பரப்பியிருந்தேன். மூன்றாவது வாரத்தில் அந்த மீன் உணவு தேடிக் கண்ணாடியில் ஏறியபோதுதான், வெண்மையாக இருக்க வேண்டிய வயிற்றில் செவுள் பிளவுகளை ஒட்டி நீளமான சிவப்புக் கோடுகளைப் பார்த்தேன். மணல் முழுவதையும் மாற்றிய பிறகும் அந்தக் காயங்கள் ஆற இரண்டு மாதங்கள் பிடித்தன.

5 செ.மீ. ஆழத்துக்கு மணல் பரப்பினால் போதும். நம் தொட்டிக்கு அது சுமார் 215 கிலோ ஆகும். கழுவிய நீர் தெளிவாக வரும்வரை பகுதி பகுதியாக அலசுங்கள்.

நீரும் உப்பும்

குழாய்நீரில் உள்ள குளோரின், செம்பு, நைட்ரேட் ஆகியவற்றை நீக்க ஆர்.ஓ. மற்றும் அயனிநீக்கி வழியாக வடிகட்டிய, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் நீரைத்தான் பயன்படுத்த வேண்டும். கடல்மீன்களுக்கான செயற்கை உப்பு லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் தேவைப்படும் என்பதால், முதல் நிரப்பலுக்கு ஏறக்குறைய 60 கிலோ உப்பு வாங்கி வைக்க வேண்டும். முதல் முறை தொட்டியிலேயே கலக்கலாம். அதன் பிறகு ஒருபோதும் மீன் உள்ள தொட்டியில் உப்பைக் கொட்டக் கூடாது. தனிப் பீப்பாயில் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் கலக்கிய நீரே தொட்டிக்குள் போக வேண்டும்.

உப்பளவைக் காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.024 முதல் 1.026 வரை, பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருக்கட்டும். திருக்கை தன் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்துக் கடல்நீரின் அடர்த்தியோடு உடலைச் சமப்படுத்திக்கொள்ளும் உயிரினம். அந்தச் சமநிலை உப்பு திடீரெனக் குறைந்தால் கலைந்துவிடும். எலும்பு மீன்களின் ஒட்டுண்ணிகளை அகற்றச் செய்யும் நன்னீர்க் குளியலும், உப்பைக் குறைத்து வைக்கும் முறையும் இங்கே உதவாதது இதனால்தான். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுவதால், குறையும் நீரைத் தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்யும் தானியங்கி மிதவை ஒன்றை அமைப்பது நல்லது.

நைட்ரஜன் சுழற்சியை நிலைநிறுத்துதல்

நீர் நிரம்பிச் சாதனங்கள் ஓடத் தொடங்கியதும் மீன் வாங்கக் கை துறுதுறுக்கும். குறைந்தது ஆறு வாரங்கள், தேவையானால் எட்டு வாரங்கள் காத்திருங்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இந்த இரு கூட்டங்களும் பெருகி வடிகட்டியில் குடியேற அவ்வளவு காலம் ஆகும்.

மீன் இல்லாமலே இதைச் செய்யலாம். தூய அம்மோனியம் குளோரைடு சுமார் 10 கிராமைக் கரைத்து ஊற்றினால் 1,650 லிட்டரில் அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு உயரும். டெஸ்ட் கிட் கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் அளந்து ஏட்டில் குறித்து வாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கும். அம்மோனியா 0 ஆகும்போதெல்லாம் அதே அளவை மீண்டும் ஊற்ற வேண்டும். ஊற்றிய 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே 0 ஆகும் நிலை ஒரு வாரம் தொடர்ந்தால் வடிகட்டி தயார். சேர்ந்துவிட்ட நைட்ரேட்டைப் பெரிய அளவு நீர் மாற்றத்தால் குறைத்துவிட்டு அதன் பிறகு மீனைத் தேடுங்கள். மீன் வரும் நாள்வரை அம்மோனியா ஊற்றுவதை நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் பட்டினியால் பாக்டீரியா குறையும்.

திருக்கையைத் தேர்ந்தெடுத்தல்

கடைக்குக் குறைந்தது இரண்டு முறை, ஒரு வார இடைவெளியில் செல்லுங்கள். இரண்டு முறையும் உங்கள் கண்முன் அது உண்ண வேண்டும். 'காலையில்தான் தின்றது' என்ற பதிலை ஏற்காதீர்கள். அடுத்து, மேலிருந்து முதுகைப் பாருங்கள். வால் தொடங்கும் இடத்தின் இருபுறமும் சதை மேடாக இருக்க வேண்டும். அங்கே இடுப்புக் குருத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தால் அந்த மீன் பல நாள் பட்டினி, மீட்பது மிகவும் அரிது. உடல்வட்டின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் இரக்கப்பட்டும் வாங்க வேண்டாம். கண்ணாடியில் ஏறும்போது வயிற்றில் சிவப்புத் திட்டுகள் உள்ளனவா என்றும், மூச்சுத்துளைகள் சீராகத் திறந்து மூடுகின்றனவா என்றும் கவனியுங்கள். இரண்டு மீன்கள் வாங்க நினைத்தால் இரண்டும் பெண்ணாக இருக்கட்டும், தொட்டியும் இன்னும் பெரிதாக இருக்கட்டும். ஆண் மீன் பெண்ணின் உடல் ஓரத்தைக் கடித்துத் துன்புறுத்தும். வாலடியில் இரு விரல்கள்போல நீண்டிருக்கும் உறுப்புகள் ஆணுக்கு மட்டுமே உண்டு.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணமானால், பையின் நீரோடு தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழக்கலாம். பல மணி நேரம் பையில் இருந்த மீனுக்கு இந்த முறை ஆபத்து. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருப்பதால் அம்மோனியா அதிகம் தீங்கற்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் பி.எச். உயர்ந்து அதே அம்மோனியா கடும் நஞ்சாக மாறும். அத்தகைய மீனுக்கு, பையின் உப்பளவை விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டு அறிந்து, புதிய மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியின் உப்பையும் வெப்பத்தையும் அதற்கு ஒத்ததாக வைத்துக்கொண்டு, தாமதமின்றி மாற்றிவிட வேண்டும்.

மாற்றும்போது வலை பயன்படுத்தக் கூடாது. வால்முள் வலையில் சிக்கினால் மீனும் நீங்களும் ஒருசேரக் காயப்படுவீர்கள். அகலமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் மெதுவாக ஓட்டி, நீரோடு சேர்த்துத் தூக்குங்கள். நான்கு வாரத் தனிமைக் காலம் தேவை. அந்தத் தொட்டியிலும் மணல் இருக்க வேண்டும், செம்பு மருந்து இருக்கவே கூடாது. செவுள் ஒட்டுப்புழு இருந்தால் பிரசிக்வான்டெல் மருந்தைக் குருத்தெலும்பு மீன்களுக்குக் கொடுப்பதுண்டு. ஆயினும் மருந்தின் அளவை, மீன்களை அறிந்த கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும்.

உணவு

தோலுரித்த இறால், கணவாய், மட்டிச் சதை, நண்டு, கடல்மீன் துண்டுகள் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். குட்டிக்கு நாளுக்கு இரண்டு வேளை, வளர்ந்ததற்கு ஒரு வேளை. வந்த முதல் நாட்களில் உண்ணாவிட்டால் உயிருள்ள சிறு இறால்களை மணலில் விடுங்கள்; அவற்றின் அசைவு பசியைத் தூண்டும்.

வாய் அடியில் இருப்பதால் திருக்கை தான் தின்னும் பொருளைக் கண்ணால் பார்ப்பதில்லை. நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியால் இறாலைப் பிடித்து மூக்கின் முன் மணலில் வையுங்கள். அது ஒரு கணம் நின்று, மணல் மேல் வழுக்கிக்கொண்டு வந்து, இறாலின் மேல் தன்னைக் கவிழ்த்துக்கொள்ளும். உடல்வட்டின் ஓரம் சுற்றிலும் மணலோடு அழுந்தும். நடுப்பகுதி சற்று மேலெழும்பி உறிஞ்சும். மூச்சுத்துளைகள் வேகமாகத் திறந்து மூடும். பிறகு செவுள் பிளவுகளிலிருந்து இரண்டு சிறு மணல் மேகங்கள் பின்னோக்கிப் பறக்கும். விழுங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மேகம் எழாமல் நகர்ந்துவிட்டால், இறால் அங்கேயே கிடக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

உறைந்த உணவை மட்டும் நம்பினால் இரண்டு குறைபாடுகள் வரும். சில மீன்களிலும் மட்டிகளிலும் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடுகிறது. அயோடின் குறைந்தாலோ, நீரில் நைட்ரேட் மிகுந்து அயோடினை உடல் ஏற்காமல் தடுத்தாலோ, தொண்டைப் பகுதியில் கழலை வீங்குகிறது. சுறா, திருக்கைகளுக்கென விற்கப்படும் வைட்டமின் மாத்திரையை இறாலின் உள்ளே செருகிக் கொடுப்பது இரண்டுக்கும் தீர்வு.

உடன் வாழும் மீன்கள் என்று யாரும் இல்லாதிருப்பதே சிறப்பு. கிளாத்தியும் பேத்தையும் திருக்கையின் கண்ணையும் உடல் ஓரத்தையும் கடிக்கும், கடல் சாமந்தி சுட்டுவிடும், சிறு மீன்களும் இறால்களும் இரவில் இரையாகும்.

அன்றாடப் பராமரிப்பு

வாரந்தோறும் 10 சதவீத நீரை, அதாவது சுமார் 165 லிட்டரை மாற்ற வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் எப்போதும் 0 ஆகவும், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழும் இருக்கட்டும். மீன் வந்த முதல் இரண்டு வாரங்கள் அம்மோனியாவைத் தினமும் அளவிட வேண்டும். ஸ்கிம்மர் கோப்பையை வாரம் இரு முறை கழுவினால் போதும்.

இவற்றைவிட முக்கியமானது, காலையில் விளக்கைப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பது. மணலில் புதையாமல் வெளியே கிடக்கிறதா? மூச்சுத்துளைகள் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கின்றனவா? நேற்று விரும்பித் தின்றதை இன்று கடந்து போகிறதா? ஓரங்கள் லேசாக மேல்நோக்கி வளைகின்றனவா? இவற்றில் எது தெரிந்தாலும் முதலில் நீரைப் பரிசோதியுங்கள், பிறகு புதிய நீரால் கால்பங்கை மாற்றுங்கள். மருந்துப் புட்டியை நாடுவது அதற்கும் பிறகுதான்.

முள்ளைப் பற்றி

வாலில் உள்ள முள் தற்காப்புக்கு மட்டுமே. மிதிக்கப்பட்டாலோ மேலிருந்து அழுத்தப்பட்டாலோதான் திருக்கை வாலை முன்னோக்கி வீசும். தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம் அது எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுகொள்ளுங்கள். மணலில் புதைந்திருந்து கண்ணில் படவில்லையென்றால், படும்வரை கையை நுழைக்காதீர்கள். முள்ளை வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. அது மீண்டும் முளைக்கும் என்பதோடு வெட்டிய இடம் புண்ணாகும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை.

கையிலோ காலிலோ குத்திவிட்டால், தோல் பொறுக்கக்கூடிய சுமார் 45 டிகிரி வெந்நீரில் காயத்தை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். நஞ்சு புரதத்தால் ஆனதாகையால் வெப்பத்தில் அதன் வீரியம் குறையும், வலியும் தணியும். வெப்பத்தைக் காயம்படாத மறு கையால் சோதியுங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள்துண்டு உள்ளே தங்கியிருக்கக் கூடும் என்பதாலும் டெட்டனஸ் ஊசி தேவைப்படும் என்பதாலும் காயம் சிறிதாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மார்பு, கழுத்து, வயிறு ஆகிய இடங்களில் பாய்ந்த முள்ளைப் பிடுங்கக் கூடாது. அப்படியே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். ஆஸ்திரேலிய இயற்கையாளர் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பரில் உயிரிழந்தது மார்பில் பாய்ந்த திருக்கை முள்ளால்தான்.

பழைய முள்ளின் அடியில் புதியது முளைத்து, பழையது அவ்வப்போது தானாகவே உதிரும். ஒருநாள் மணலின் மேல் விரல் நீளத்தில் இரம்பப் பல்லோடு வெளுத்த குச்சி ஒன்று கிடப்பதைக் காண்பீர்கள். நச்சுத் திசு இன்னும் அதில் ஒட்டியிருக்கலாம். வெறுங்கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள்.